பிரியா, பூரணம் என்று இருவர்

ஏப்ரல் 22, திங்கள்

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த மறுநாளே வகுப்பைத் தொடங்கிவிட்டேன். இந்த வருடம் புதுநன்மைக்குப் பதினொரு பிள்ளைகள். ஜூன் இரண்டாம் தேதி வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் மெழுகுதிரியோடு வந்து முதன்முதலாக நற்கருணை வாங்க வேண்டும். அதற்குள் செபங்கள், பத்துக் கட்டளை, பாவசங்கீர்த்தனம் எல்லாவற்றையும் மண்டையில் ஏற்ற வேண்டும். ஏற்றுவேன். முப்பத்திரண்டு வருடமாக இந்தச் சந்தியாகப்பர் கோயிலில் நான்தானே ஏற்றுகிறேன்.

சாக்பீஸ் பெட்டியில் சனிக்கிழமை பன்னிரண்டு வைத்தேன். இன்று ஒன்பது. கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தொபியாஸைக் கேட்டால், "எலி தின்னுருக்கும் டீச்சர்" என்கிறான். சாக்பீஸ் தின்கிற எலியை இந்த அறுபத்தாறு வயதுக்குள் நான் பார்த்ததில்லை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வியாழன்

புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமி கிளாட்வின் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். "மனப்பாடம் மட்டும் போதாது டீச்சர், பிள்ளைங்க மனசுல என்ன இருக்குன்னு பேச விடுங்க" என்றார். பேச விட்டால் இதுகள் சினிமாக் கதைதான் பேசும். தலையை ஆட்டிவைத்தேன்.

ஒரு விஷயம் கவனித்தேன். ரெக்ஸியின் மகள் ஜெனிஷ்மா, ஒன்பது வயது, தகப்பன் கப்பலில் வேலை. நல்ல தொண்டை. 'விண்ணுலகில் இருக்கிற' என்று தொடங்கினால் கூரை அதிரும். ஆனால் மாதா செபம், 'அருள்நிறைந்த மரியே' வந்ததும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறாள். பல்வலியாக இருக்கும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பல்வலி இல்லை. இன்று பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். மாதா செபம் சொல்லும்போது உதடு மூடித்தான் இருந்தது. நடுவில் அவளையும் மீறி ஒரு சொல் வெளியே வந்தது. "கர்த்தர்." உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் வகுப்பில் யாரும் கர்த்தர் என்று சொல்வதில்லை. கத்தோலிக்கர்கள் நாங்கள் ஆண்டவர் என்போம். இந்த ஊரில் கர்த்தர் என்கிற சபைக்காரர்கள் யார், எந்தத் தெருவில் கூடுகிறார்கள், கைதட்டிப் பாடி யாரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த ஆட்கள் 'ஜெபம்' என்று எழுதுவார்கள், நாம் 'செபம்' என்று எழுதுவோம். ஜெனிஷ்மா எல்லா இடத்திலும் 'செபம்' என்றே எழுதியிருக்கிறாள். ஒரு பிழை இல்லை. அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மே 2, வியாழன்

வகுப்பு பன்னிரண்டு மணி வரை. ஜெனிஷ்மா தினமும் பதினொன்றரைக்கு எழுந்து, "டீச்சர், அம்மா தேடும்" என்கிறாள். இன்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மாக்காரி எங்கே தேடினாள்? கோயில் கேட்டில் தூக்குவாளியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள். பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்தெருப் பக்கம் நடந்தது.

மீன் வாங்க மறந்துவிட்டேன். ராத்திரிக்கு ரசம்தான்.

மே 4, சனி

குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். யாராவது கேட்டால் முருங்கைக்காய் வாங்கப் போவதாகச் சொல்லலாம் என்று பையும் எடுத்துக்கொண்டேன். ஜெனிஷ்மா உப்பளத்தெருவின் கடைசி வீட்டுக்குள் நுழைந்தாள். வாசலில் 'ஜெபவீடு' என்று போர்டு தொங்கும் வீடு.

நான் உடைமரத்தோடு நின்றுவிட்டேன். அதற்கு மேல் போகவில்லை. வெயில் அதிகம்.

அந்த வீட்டுக்காரிக்கு ஐப்பசியில் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம், பேச்சும் போய்விட்டதாம். ஊரில் சொன்னார்கள். எனக்கென்ன வந்தது.

மே 8, புதன்

என் வகுப்பில் ஆன்சி, ஷைனி என்று இரட்டைப் பிள்ளைகள். எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு ஒட்டுக்கேட்கக்கூடிய சாமர்த்தியசாலிகள். ஆளுக்கொரு மாதா படம் தருவதாகச் சொல்லி ஜெனிஷ்மாவின் பின்னால் அனுப்பினேன். சாமி காரியத்துக்குத்தானே, இதில் தப்பில்லை.

மூச்சு வாங்க ஓடி வந்தார்கள்.

"டீச்சர், சன்னலுக்குக் கீழ குத்தவச்சிக் கேட்டோம். உள்ள பெரிய ஆள் சத்தம் ஒண்ணு கேக்கு, ஜெனிஷ்மா சத்தமும் கேக்கு."

"என்னட்டி பேசுதாவ?"

"ஒண்ணும் வெளங்கல டீச்சர். பிரியாத்தை, பிரியாத்தைன்னு கூப்பிடுதாவ" என்றாள் ஆன்சி.

"அப்பொறம் பூரணம்னு ஒரு ஆளையும் கூப்பிடுதாவ" என்றாள் ஷைனி. "கர்த்தர்னும் சொன்னாவ டீச்சர்!"

வந்துவிட்டது. பிரியா என்று ஒருத்தி, பூரணம் என்று ஒருத்தி. படுத்துக்கிடக்கிறவளின் வீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்துகொண்டு, புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளையின் மனதைக் கலைக்கிறார்கள். விடுவேனா?

மே 11, சனி

பங்குக் குடும்பப் பதிவேட்டை மூன்று நாளாகப் புரட்டினேன். பிரியா ஒன்று இருக்கிறது. மூன்று வயது. பூரணம் யாரும் இல்லை. ரேஷன் கடைக்காரரிடம் நைசாகக் கேட்டேன். "இடியாப்பம் விக்கிற பூரணத்தம்மாளத் தேடுதியளா?" என்றார்.

நேரே போய்விட்டேன். பூரணத்தம்மாள் நெற்றி நிறையத் திருநீறோடு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். ஜெபவீட்டுக்குப் போவதுண்டா என்று கேட்டதும் உரலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நல்ல கூத்து! எங்க முருகனப் போய்ப் பாக்கவே எனக்கு நேரமில்ல டீச்சர். உங்க ஆளுக சண்டைக்குள்ள என்ன ஏன் இழுக்கிய?"

வெறுங்கையோடு வர முடியாமல் ஆறு இடியாப்பம் வாங்கி வந்தேன். அப்படியானால் வெளியூர்க்காரிகள்தான்.

மே 15, புதன்

மாதா வணக்க மாதம் என்பதால் சாயங்காலம் வீடுவீடாகச் செபமாலை. இன்று ரெக்ஸியின் வீடு. வழக்கம்போல் நான்தான் தொடங்கினேன். ஒரு கண்ணை ஜெனிஷ்மா மேல் வைத்திருந்தேன். மாலையின் ஐம்பத்து மூன்று மாதா மணிக்கும் அவள் உதடு பிரியவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. மாதா பெயரைச் சொன்னால் பாவம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவர்கள் முதலில் செய்வது அதுதான். மாதாவிடமிருந்து பிரிப்பார்கள், பிறகு வீட்டிலிருந்து பிரிப்பார்கள்.

என் செபமாலை அறுந்துவிட்டது. நூல் போட்டுக் கட்டினேன். அம்மாவின் செபமாலை வெள்ளிக் கம்பியில் கோத்தது, அறுந்ததே கிடையாது. அது என்னிடம் இல்லை. எடுத்துக்கொண்டு போனவள் என்றைக்கோ கடலில் எறிந்திருப்பாள்.

மே 20, திங்கள்

சாமியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கர்த்தர், தூக்குவாளி, ஜெபவீடு, பிரியா, பூரணம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைகிட்டயே கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டா பொய் சொல்லும் சாமி."

"சொல்லட்டும். கேட்டீங்களா?"

இதென்ன கேள்வி? அவரே சொன்னார். "உங்க வகுப்பு, உங்க பட்டியல். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற பேரத்தான் நான் கோயில்ல வாசிப்பேன். யோசிச்சுச் செய்யுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது?

மே 21, செவ்வாய்

பட்டியலில் ஏழாவது பெயரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன். காரணத்தைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதிச் சாமி பங்களாவில் கொடுத்துவிட்டேன். வகுப்பு முடிந்ததும் ஜெனிஷ்மாவிடம், "நீ அடுத்த வருசம் வாங்கிக்கிடலாம்" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அதே பக்கமாக நடந்தாள். என்ன நெஞ்சழுத்தம்!

மே 23, வியாழன்

ரெக்ஸி வந்தாள். உட்காரவில்லை. கையில் தைத்து முடித்த வெள்ளைக் கவுன். அதை என் மேசைமேல் விரித்துவைத்தாள்.

"எம்புள்ள என்ன தப்பு செஞ்சா டீச்சர்?"

"உப்பளத்தெருவுக்கு ஏன் அனுப்புத?"

"கஞ்சி குடுக்க அனுப்புதேன். கைகால் விழுந்து கெடக்கிறவியளுக்கு யாரு இருக்கா? மவன் சூரத்துல. வேலைக்கு நிக்கிறவ பதினொரு மணிக்குப் போயிருவா."

"கஞ்சி குடுக்கத்தான் பிரியாவும் பூரணமும் வாராவளோ?"

"யாரு பிரியா?" என்றாள். எப்படி நடிக்கிறாள் பாருங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் நடிப்பு இல்லை. நிஜமாகவே விழித்தாள்.

பிறகு கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "ஜெனிஷ்மா பொறந்தப்ப பத்து நாள் எனக்கு வெந்நி போட்டு ஊத்துனது ரோஸ் மாமிதான். நீ எந்தக் கோயில்னு அவிய கேக்கல, நானும் கேக்கல. இப்ப அவியளுக்கு நான் செய்யுதேன். உங்க கூடப் பொறந்தவியளுக்கு நான் கஞ்சி ஊத்துதேன், நீங்க எம்புள்ள பேர வெட்டுதிய. நல்லாருங்க!"

கவுனை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம். ரோசலின் என் அக்கா. இந்த நோட்டில் எழுத வேண்டிய அவசியம் வரவில்லை, அதனால் எழுதவில்லை.

மே 24, வெள்ளி

பத்துப் பிள்ளைகள். தலைவலி.

மே 26, ஞாயிறு

தூக்கம் இல்லை. எழுதிவிட்டாலாவது வருகிறதா பார்ப்போம்.

அம்மா இறந்து பதினேழு வருடம். அக்கா அதற்கு இரண்டு வருடம் முன்பே அந்தச் சபைக்குப் போய்விட்டாள். அங்கே போனபிறகுதான் அத்தான் குடியை விட்டாராம். அம்மாவின் உடலைச் சுற்றி ஊரே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை, சுவரோடு சாய்ந்து நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பெத்தவளுக்கு ஒரு மாதா செபம் சொல்ல வாய் வரலியா? இனி எனக்கு அக்கா இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் நேரே வந்து அம்மாவின் கையிலிருந்த செபமாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். சொல்லாத செபத்துக்கு மாலை எதற்கு? அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு சந்தேகம்தான்.

மே 28, செவ்வாய்

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சன்னலுக்கு வெளியே ஒரு குரல் பத்துக் கட்டளையைக் கூடவே சொன்னது. எட்டிப் பார்த்தேன். ஜெனிஷ்மா. பெயரை அடித்தபிறகும் வந்து வேப்பமர நிழலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டேன்.

"மாதா செபம் சொல்லு."

"எது டீச்சர்?"

"எதுன்னா? ஒண்ணுதான இருக்கு?"

"எனக்கு ரெண்டு தெரியும் டீச்சர். கலந்து போயிருது. நீங்க வையுவியளேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"அந்த இன்னொண்ணச் சொல்லு."

கைகளைக் குவித்துக்கொண்டு சொன்னாள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க. கர்த்தர் உம்முடனே."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பிரியாத்தை. பூரணம். கர்த்தர். ஐயோ, மடச்சி! நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாதா செபம் இப்படித்தான் இருந்தது. பிறகுதான் 'அருள்நிறைந்த மரியே, ஆண்டவர் உம்முடனே' என்று மாற்றினார்கள். நானும் மாறிவிட்டேன், மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன், பழையதை ஐம்பது வருடமாக வாயில் எடுக்கவில்லை. என் வாயிலேயே இருந்த சொல்லைப் பதிவேட்டிலும் ரேஷன் கடையிலும் தேடி, இடியாப்பக்காரி வீடு வரைக்கும் போயிருக்கிறேன்.

"யாரு சொல்லித் தந்தா?"

"ரோஸ் மாமி. மாமிக்கு வேற பேச்சே வராது டீச்சர். தண்ணி வேணும்னாலும் இதத்தான் சொல்லுவாவ, வலிச்சாலும் இதத்தான் சொல்லுவாவ. அவிய சபைக்காரவிய முன்னெல்லாம் வருவாவ. மாமி மாதா செபத்தையே சொல்லவும் என்ன செய்யன்னு தெரியாம வாரதக் கொறைச்சுட்டாவளாம். நம்ம கோயில்லருந்தும் யாரும் வரல."

"முழுசாச் சொல்லுவாளா?"

"இல்ல, பாதிதான். கனியாகிய சேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரேன்னு நிப்பாட்டிருவாவ. நிப்பாட்டிட்டு வாசலையே பாப்பாவ. மீதிய யாராவது சொன்னாத்தான் அடுத்தது சொல்லுவாவ. இல்லன்னா அழுவாவ. அதான் அம்மா பழைய புத்தகத்துலருந்து மீதிய எழுதித் தந்து என்னப் படிக்கச் சொல்லுச்சு."

அவளைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டில் செபமாலை சொல்லும்போது அம்மா எங்கள் இருவரையும் எதிரெதிரே முட்டுக்குத்த வைப்பாள். முன்பாதி அக்கா, பின்பாதி நான். எனக்குத் தூக்கம் சொக்கும். நான் சொல்லும்வரை அக்கா காத்திருப்பாள்.

மே 31, வெள்ளி

மூன்று நாள் தைரியம் வரவில்லை. இன்று மாதா எலிசபெத்தம்மாளைத் தேடிப்போன திருநாள். பூசை முடிந்ததும் ஜெனிஷ்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். உடைமரத்தடியில் கால் நின்றது. "வாங்க டீச்சர், மாமி கடிக்க மாட்டாவ" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா பாதியாகிவிட்டாள். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். விழுந்துபோன வலது மணிக்கட்டில் அம்மாவின் வெள்ளிச் செபமாலை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கடலில் எறியவில்லை. வேலைக்காரி குளிப்பாட்டும்போது கழற்றினால்கூடக் கத்துவாளாம்.

என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வாய் கோணிக்கொண்டு மெதுவாகத் தொடங்கியது. "பிரியதத்தத்தினாலே..." ஆசீர்வதிக்கப்பட்டவரே வரைக்கும் வந்து நின்றாள். காத்திருந்தாள்.

"தூய மரியே, இறைவனின் தாயே..." என்றேன் நான்.

அக்கா தலையை அப்படியும் இப்படியும் உருட்டினாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். என் சேலையை ஜெனிஷ்மா இழுத்தாள். "அது இல்ல டீச்சர். அர்ச்சியசிஷ்ட மரியாயேன்னு சொல்லணும். புதுசு சொன்னா மாமிக்குப் பிடிக்காது."

முப்பத்திரண்டு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவள், ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லிக்கொடுக்க, தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..." ஆமென் வந்ததும் அக்கா அடுத்த மணியை உருட்டினாள். பத்து மணி சொன்னோம். பத்துக்கும் நான் பதில் சொன்னேன்.

திரும்பும் வழியில் சாமி பங்களாவுக்குப் போனேன். என் கடிதத்தைக் கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. "பட்டியல இன்னும் நீங்க முடிக்கலன்னு நெனச்சேன்" என்றார். நான் திரும்பி வருவேன் என்று தெரிந்தே பிரிக்காமல் வைத்திருந்தாரோ என்று இந்தச் சாமியார் மேலும் எனக்கு ஒரு சந்தேகம். அது போகட்டும். புதிதாகப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினொரு பெயர்.

ரெக்ஸி வீட்டு வாசலில் நின்று, "என்ன மன்னிச்சிரு ரெக்ஸி" என்றேன். அவள் உடனே உருகிவிடவில்லை. "கவுனுக்கு இன்னும் பொத்தான் தைக்கணும்" என்று மட்டும் சொல்லிக் கதவைத் திறந்துவைத்தாள். உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்தேன். ஆறு பொத்தான்.

ஜூன் 1, சனி

பிள்ளைகள் சாமியிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். பயத்தில் மறந்துவிடும் என்பதால் பாவங்களைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்வது என் வழக்கம். பதினொரு பேரும் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைசியில் நானும் போய் நின்றேன்.

முன்னால் நின்ற ஜெனிஷ்மா திரும்பிப் பார்த்தாள். "தாள் எங்க டீச்சர்?"

"எனக்கெதுக்குட்டி?"

"மறந்துருவியளே." தன் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துப் பென்சிலோடு நீட்டினாள்.

எழுதினேன். பின்பக்கமும் தேவைப்பட்டது.

ஜூன் 2, ஞாயிறு

சாமி ஏழாவது பெயராக ஜெனிஷ்மாவை வாசித்தார். அவள் நாக்கை நீட்டி நன்மை வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாதா செபம் சொல்லும்போது வாய் நன்றாகத் திறந்திருந்தது. நடுவில் ஒரு கர்த்தர் வந்தது. வரட்டும்.

பூசை முடிந்ததும் பாகற்காய்ப் பொரியலும் கஞ்சியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு உப்பளத்தெருவுக்குப் புறப்பட்டேன். இனி மத்தியானக் கஞ்சி என் பொறுப்பு என்று ரெக்ஸியிடம் சொல்லியாகிவிட்டது. வெள்ளைக் கவுனோடு ஜெனிஷ்மாவும் வந்தாள். பின்னாலேயே அழையா விருந்தாளிகளாக ஆன்சியும் ஷைனியும், மெழுகுதிரியைக்கூட வீட்டில் வைக்காமல்.

நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா தொடங்கினாள், நான் முடித்தேன். அக்கா தொடங்கினாள், நான் முடித்தேன். நாலாவது மணியில் அவளுடைய நல்ல கை நகர்ந்து வந்து என் முட்டியைத் தட்டியது. சின்ன வயதில் நான் தூங்கி விழும்போது தட்டுவாளே, அந்தத் தட்டு. நான் பாதி வரியில் நின்றுவிட்டேன். அக்கா காத்திருந்தாள்.

இரட்டைப் பிள்ளைகள் அறையின் மூலை முடுக்கெல்லாம் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆன்சி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"டீச்சர், பிரியாத்தை எங்க?"

"நான்தாம்ட்டி" என்றேன்.

"அப்பம் பூரணம்?"

நான் கட்டிலைக் காட்டினேன்.